வழக்கும் வழக்கறிஞரும்: தொண்டைநாட்டுச் சமணர்க்கு ஒரு வரலாற்றுப் பாடம்

தமிழில் ‘வழக்கு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மக்கள் வழிவழியாக மேற்கொண்டு ஒழுகும் நெறி ஒன்று; நீதிமன்றத்தில் தொடுக்கப்படும் முறையீடு மற்றொன்று. தொல்காப்பியர் முதற்பொருளில் இச்சொல்லை ஆண்டார். பரிமேலழகர் தம் திருக்குறள் உரைப்பாயிரத்தில் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்து, ஒரு பொருளைத் தமதென்று பலர் உரிமை கொண்டாடி மாறுபடும் நிலையை வழக்கு என விளக்கினார். இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்பது ‘வழக்கறிஞர்’ என்னும் இக்காலச் சொல். நீதிமன்ற நடைமுறையை அறிந்தவர் மட்டும் வழக்கறிஞர் அல்லர். தம் மக்களின் வழக்கத்தையும் அறிந்து அதனைச் சான்றோடு நிறுவ வல்லவரே அப்பெயர்க்கு முற்றும் உரியவர். தமிழ்ச் சமணராகிய நமக்கு இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. நம் உரிமைகள் சில நிலைத்ததும் சில நழுவியதும் இதனைப் பொறுத்தே என்பதை வரலாறு காட்டுகின்றது.

கல்லில் நின்ற சான்றுகள்

செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகப் பகுதியில், ஒரத்தியை அடுத்து ஆனந்தமங்கலம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள குன்றில் தீர்த்தங்கரர், இயக்கி திருவுருவங்கள் பாறையிலேயே புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. மதிரை கொண்ட பரகேசரியாகிய முதலாம் பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டில், அதாவது பொ.ஆ. 945-இல், பொறிக்கப்பட்ட கல்வெட்டும் அங்கு உண்டு. விநபாசுரக் குரவடிகளின் மாணாக்கர் வர்த்தமானப் பெரியடிகள், ஜினகிரிப் பள்ளியில் அடிகள் ஒருவருக்கு நாள்தோறும் உணவளிக்கப் பொன் வைத்தார் என்பது அதன் செய்தி. அளித்தவர் யார், அவருடைய ஆசிரியர் யார், எந்தப் பள்ளிக்கு, எதன் பொருட்டு என்பவை அனைத்தும் அதில் தெளிவாக உள்ளன. ஒரு நல்ல ஆவணத்துக்கு இன்று சட்டம் எதிர்பார்ப்பவையும் ஏறத்தாழ இவையே.

இவ்வொழுங்கு சமணர்க்கு மட்டும் உரியதன்று. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. அவ்வூர் நகரத்தார் கூடித் தம் ஊர் நிலங்களைப் பங்கிட்டுக்கொள்வது குறித்துச் செய்த உடன்படிக்கை அது. உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள், ஊர் வாரியத்துக்கு உறுப்பினராவோர் 35 அகவைக்கு மேலும் 70 அகவைக்கு உள்ளும் இருத்தல் வேண்டும் என்றும், முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியற்றவர் என்றும் விதிக்கின்றன. இடத்தகராறு எழுமுன்பே உடன்படிக்கையை எழுதி வைப்பதும், கணக்குக் காட்டாதவரை விலக்குவதும் தொண்டைநாட்டின் பழைய ஒழுங்குகள்.

ஆயினும் எழுதிவைத்த ஒழுங்கு எல்லாக் காலத்தும் நீதி தந்துவிடவில்லை. மாமல்லபுரத்து ஆதிவராகக் குடைவரையில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் ஆகியோரின் பெயர் பொறித்த அரசத் திருவுருவங்கள் உள்ளன. முதலில் சமணராக இருந்து பின்னர் சைவரானவர் என மரபு கூறும் அம்மகேந்திரவர்மனே ‘மத்தவிலாசம்’ என்னும் அங்கத நாடகத்தின் ஆசிரியன். காஞ்சியில் நடப்பதாக அமைந்த அந்நாடகத்தில், தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைக் காணாத காபாலிகன் ஒரு புத்தத் துறவியோடு வழக்கிடுகிறான். விகாரத்துச் செல்வத்தைக் கொண்டு அவர் நீதிமன்ற அலுவலரின் வாயை அடைத்துவிடுவார், ஏழைகளாகிய நமக்கு நீதி எங்கே என்று அவன் துணைவி அஞ்சுகிறாள். ஏழாம் நூற்றாண்டில் அரசன் ஒருவனே எள்ளி எழுதிய குறை இது. பொருளற்றவன் சார்பில் நின்று பேச ஒருவர் வேண்டும் என்னும் தேவை அன்றே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நம் முன்னோர் இயற்றிய இலக்கியங்களும் நீதி விசாரணையைக் கூர்ந்து நோக்கியவை. சமணத் துறவியாகிய இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் கோவலன் மாண்டது ஒரு தனிமனிதன் சொல்லை ஆராயாமல் ஏற்றதனால். கண்ணகி அரசவையில் வென்றது கண்ணீரால் அன்று. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலில் கூறிப் பின் அதனை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பிலோ முத்து. பொருட்சான்று ஒன்றே அவ்வழக்கைத் தீர்த்தது. சமணராகிய முன்றுறையரையனார் தம் பழமொழி நானூற்றில் இளைஞனாகிய கரிகாலன் முதியவன்போல் நரைமுடி பூண்டு முறைசெய்த கதையைக் குறிப்பிடுகிறார். வழக்காட வந்தோர்க்கு நீதிபதியின்மேல் நம்பிக்கை பிறத்தல் வேண்டும் என்பதே அக்கதையின் உட்கிடை.

செங்கற்பட்டு ஜாகீரும் வக்கீல் தொழிலும்

இக்கால வழக்கறிஞர் தொழில் ஆங்கிலேயர் ஆட்சியில் தோன்றியது. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனி செங்கற்பட்டு ஜாகீரைப் பெற்றது. நிலவரி விதிக்கத் தொடங்கியவுடன், நிலம் யாருடையது, காணியாட்சி என்பது யாது, மிராசுதாரரின் உரிமை எத்தகையது என்னும் கேள்விகள் எழுந்தன. இவற்றுக்கு விரிவாக விடையெழுதியவர் சென்னைக் கலெக்டரும் தமிழறிஞருமாகிய எல்லிஸ். 1818-இல் அச்சான அவருடைய மிராசு உரிமை நூல், தொண்டைமண்டலத்துத் தமிழ் ஆவணங்களையும் ஊர் மரபுகளையும் சான்றாகக் கொண்டது. வேற்றுநாட்டார் ஒருவர்க்கும் இந்நாட்டு நிலவுரிமையைப் பற்றிப் பேசத் தமிழேடுகள் தேவைப்பட்டன என்பது எண்ணத்தக்கது.

சென்னை மாகாணத்தில் வக்கீல்களுக்கான ஒழுங்குவிதி முதலில் 1802-இலும், திருத்தமாக 1816-இலும் வந்தது. எம்மதத்தினராயினும் எந்நாட்டினராயினும் தகுதியிருப்பின் வக்கீலாகலாம் என்னும் சட்டம் 1846-இல் இயற்றப்பட்டது. 1855-இல் சென்னையில் சட்ட வகுப்பு தொடங்கிற்று. 1862-இல் உயர் நீதிமன்றமும், 1891-இல் சட்டக் கல்லூரியும் ஏற்பட்டன. வறுமையில் வளர்ந்து, கணக்கர்க்கு உதவியாளாகத் தொடங்கி, அவ்வுயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக உயர்ந்த திருவாரூர் முத்துசாமி ஐயரின் வாழ்க்கை இவ்வாயில் எவ்வளவு அகலத் திறந்தது என்பதைக் காட்டும். செங்கற்பட்டு மாவட்டத்து நசரத்பேட்டையில் 1897-இல் பிறந்து, சட்டம் பயின்று, பின்னர்த் தமிழகத்தின் முதலமைச்சரான எம். பக்தவத்சலம் அவ்வாயிலில் நுழைந்த பிற்காலத்தவருள் ஒருவர்.

சட்டத்துறையினர்க்கு நாம் பட்ட நன்றிக்கடன் ஒன்றும் உண்டு. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என உ.வே. சாமிநாதையரை வினவினார். அவ்வினாவே ஐயரைக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்கு அழைத்துச் சென்றது. அங்கு அவர் நம்மவரிடம் நூலின் சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. சூளாமணியைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் சட்டத்தில் பட்டம் பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கியவர். பின்னாளில் சிந்தாமணியைப் பதிப்பித்த எஸ். வையாபுரிப் பிள்ளையும் வழக்கறிஞராக இருந்தவரே. ஏட்டைப் படித்துப் பாடம் கண்டு உண்மை தெளியும் பயிற்சி பதிப்பாசிரியர்க்கும் வழக்கறிஞர்க்கும் பொதுவானது.

நிறுவப்படாத வழக்கம்

இனி நம்மை நேரே தொடும் செய்திக்கு வருவோம். கணவனை இழந்த பெண், கணவனின் அனுமதி இன்றி மகவு தத்தெடுக்கலாமா என்பது அக்காலத்துப் பெருவழக்காக இருந்தது. குடும்பச் சொத்து யாரிடம் செல்லும் என்பது இதனைப் பொறுத்தே அமைந்தது. 1868-இல் இராமநாதபுர சமஸ்தான வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் இரு முடிவுகளைக் கூறியது. கணவனின் அனுமதி இல்லையேனும், அவனுடைய உறவினரின் இசைவோடு கைம்பெண் தத்தெடுக்கலாம் என்பது ஒன்று. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம், எழுதிய நூல்விதியினும் வலியது என்பது மற்றொன்று. இரண்டாவதில் ‘மெய்ப்பிக்கப்பட்ட’ என்னும் சொல்லில்தான் எல்லாம் அடங்கியுள்ளது.

வடநாட்டுச் சமணருள் அகர்வால் குடியினர் இவ்வாய்ப்பைப் பயன்கொண்டனர். யாருடைய அனுமதியும் இன்றிக் கைம்பெண் தத்தெடுப்பது தம் வழக்கம் என்று சாட்சிகளைக் கொண்டு நிறுவினர். 1878-இல் பிரிவி கவுன்சில் அதனை ஏற்றது. சமணத்தில் தத்தெடுப்பு நீத்தார் கடனுக்காக அன்று, உலகியல் ஏற்பாடாகவே செய்யப்படுவது என்னும் விளக்கம் அவ்வழக்கத்துக்கு அரணாயிற்று. ஆனால் அதே காலத்தில், தனி வழக்கம் நிறுவப்படாத இடமெல்லாம் சமணரை இந்துச் சட்டமே ஆளும் என்பதும் முடிந்த முடிபாயிற்று.

சென்னை உயர் நீதிமன்றத்தில் கட்டெப்பா – ஈரம்மா வழக்கு 1920-களில் வந்தது. நீதிபதி குமாரசாமி சாஸ்திரி அத்தீர்ப்பில் நமக்குப் பெருமை தரும் கருத்தொன்றை எழுதினார். இக்கேள்வி புதிதாக எழுந்திருக்குமாயின், சமணர் இந்து சமயத்திலிருந்து பிரிந்தவர் அல்லர், சமணத்தின் தோற்றம் ஸ்மிருதிகளுக்கும் மிக முற்பட்டது என்றே தாம் கொள்ள விரும்புவதாகக் கூறினார். ஆயினும் முந்தைய தீர்ப்புகள் வழியை அடைத்துவிட்டதால் அக்கருத்து தீர்ப்பின் முடிவை மாற்றவில்லை. பின்னர் 1962-இல் முன்னாலால் – ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சமணக் கைம்பெண்ணின் தத்தெடுக்கும் உரிமையை நாடறிந்த வழக்கமாக ஏற்றது. ஆனால் அவ்வழக்கம் கூறப்பட்டபோது, சென்னை, பஞ்சாப் மாநிலங்களில் வாழும் சமணர் நீங்கலாக என்று வரையறை செய்யப்பட்டது.

இவ்விலக்குக்குக் காரணம் என்ன? வடநாட்டினர் வழக்கத்தை மன்றத்தில் சாட்சிகொண்டு நிறுவினர். இங்கு அது அவ்வாறு நிறுவப்படவில்லை. 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் கைம்பெண்ணுக்குத் தானே தத்தெடுக்கும் உரிமையை வழங்கியதால் அவ்வேறுபாடு இன்று பயனற்றுப் போயிற்று. ஆயினும் அதற்கு முன் வாழ்ந்த நம் தாய்மார்க்கு அது பயனற்ற வேறுபாடாக இருந்திருக்காது.

பாரிஸ்டர் சம்பத்ராய் ஜெயின் இக்குறையை நன்கு உணர்ந்தவர். சமணர் தம் நீதிநூல்களை மன்றங்களில் முன்வைக்காமையே பிழையான தீர்ப்புகளுக்கு வழிவகுத்தது எனக் கருதி, 1926-இல் சமணச் சட்டத்தைத் தொகுத்து நூலாக்கினார். அதற்குப் பத்தாண்டு முன்பே ஜே.எல். ஜைனி அத்துறையில் ஒரு நூல் எழுதியிருந்தார். இருவரும் சட்டம் பயின்றோர். நூல்களைப் பேழையில் வைத்துப் பூசித்தவர் பலர். அவற்றை நீதிமன்ற மேசைக்குக் கொண்டுவந்தவர் இவர்கள்.

வீர்சந்த் காந்தியையும் இங்கு நினைத்தல் தகும். 1893-இல் சிகாகோ சர்வ சமய மாநாட்டில் சமணத்தின் சார்பில் பேசியவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அதற்கு முன், சம்மேத சிகரத்தின் அருகே பன்றிக்கொழுப்புத் தொழிற்சாலை எழுந்தபோது அவர் கல்கத்தா சென்று தங்கினார். பழைய ஆவணங்கள் வங்கமொழியில் இருந்தமையால் அம்மொழியைக் கற்று, அவற்றைப் படித்து, வழக்கை வென்று கொடுத்தார் என்பது சமண உலகம் போற்றும் செய்தி. குசராத்தியர் ஒருவர் மலையைக் காக்க வங்கம் கற்றார். நம் ஊர் ஆவணங்களோ நம் தாய்மொழியிலேயே உள்ளன.

இன்றும் தேவைப்படும் சான்று

இவை பழங்கதைகள், இக்காலத்துக்கு என்ன தொடர்பு என்று வினவலாம். 2015 ஆகஸ்ட் 10-ஆம் நாள் இராசத்தான் உயர் நீதிமன்றம், சல்லேகனை நோன்பு சமணத்தின் இன்றியமையாத சமய ஒழுக்கம் என்பது நிறுவப்படவில்லை என்று கூறி, அதனைத் தற்கொலைக் குற்றமாகக் கருதும் தீர்ப்பு வழங்கியது. அவ்வாகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் அனசனம் நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைக் குறிக்கும் கல்வெட்டு நிற்கின்றது. தமிழெழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் அனைவரும் அறிந்த கல்வெட்டு அது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு அணித்தான பழைமை உடைய அச்சான்று, இந்நோன்பு நேற்று முளைத்ததன்று என்பதைக் கல்லின்மேல் நின்று கூறுகின்றது. அதனைப் படித்துப் பொருளுரைத்துச் சட்டமொழியில் எடுத்து வைக்க வல்லவர் நம்முள் எத்தனை பேர்?

2014 ஜனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் 1955, 1956-ஆம் ஆண்டுகளின் இந்துச் சட்டங்களே நம்மை ஆளுகின்றன. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமோ சமண நிறுவனங்களுக்குத் தானாகப் பொருந்துவதில்லை. அரசு அறிவிக்கை வாயிலாக நீட்டித்தால் மட்டுமே பொருந்தும். ஒரு சட்டத்துக்குள் நாம் இருக்கிறோம், இன்னொன்றுக்கு வெளியே நிற்கிறோம், மூன்றாவதில் தனித்து எண்ணப்படுகிறோம். ஜினாலய அறங்காவலர் ஒவ்வொருவரும் தெளிந்திருக்க வேண்டிய நிலை இது. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டங்களிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் ஊர்க்கோயில் நிலங்கள், பட்டா, பழைய சாசனங்கள் ஆகியவற்றைக் கண்காணிக்கவும் இத்தெளிவு வேண்டும்.

இளையோர்க்குத் திறந்த வாயில்

சட்டக் கல்வி இன்று தொலைவில் இல்லை. செங்கற்பட்டில் அரசு சட்டக் கல்லூரி உள்ளது. சென்னையில் 1891 முதல் இயங்கிய பழம்பெருங் கல்லூரி 2018-இல் பிரிக்கப்பட்டு, அதன் ஒரு பகுதி செங்கற்பட்டு மாவட்டத்துப் புதுப்பாக்கத்துக்கு வந்துள்ளது. மாமல்லபுரக் கடற்கரைச் சாலைக்கு அணித்தான ஊர் அது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர்க்கு ஐந்தாண்டுப் படிப்பும், பட்டம் பெற்றோர்க்கு மூன்றாண்டுப் படிப்பும் உண்டு. படிப்பு முடிந்தபின் பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்திய பார் தேர்வில் வெற்றி பெறுதல் வேண்டும். பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவினர்க்கு 750 ரூபாய்க்கு மேற்படலாகாது என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதுவோர் மூன்றாண்டு வழக்கறிஞராகப் பணியாற்றியிருத்தல் வேண்டும் என்பது 2025 மே மாதத் தீர்ப்பு. தமிழகத்தில் அத்தேர்வில் மொழிபெயர்ப்புத் தாளும் உண்டு. ஆதலின் தமிழ் பயின்றோர் தயங்க வேண்டுவதில்லை. பெண்கள் வழக்கறிஞராவதற்கு இருந்த தடை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே நீங்கிவிட்டது. நம் வீடுகளில் மட்டும் அத்தடை எஞ்சியிருத்தல் தகாது. முதற் சில ஆண்டுகளில் வருவாய் குறைவாகவே இருக்கும் என்பதையும் மறைத்தற்கில்லை. மருத்துவம், பொறியியல் பயிலும் பிள்ளைகளுக்காகப் பொறுத்திருக்கும் பெற்றோர், இதற்கும் சில ஆண்டுகள் பொறுத்தல் வேண்டும்.

பொய் பேசும் தொழில் என்று கூறிச் சில பெரியோர் தம் மக்களைத் தடுப்பதுண்டு. சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்தை அவர்கள் நினைவுகூர்தல் நலம். பிழையான அறிவுரை கூறல், பிறர் மறைவில் நிகழ்ந்ததை வெளியிடல், பொய்யாவணம் எழுதுதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல், குறிப்பாலறிந்த மறைபொருளை அம்பலப்படுத்தல் என்பன அவை. வழக்கறிஞரின் தொழில் ஒழுக்கத்தை வகுக்க அமர்ந்த ஒரு குழு எழுதியது போன்றே இவ்வைந்தும் உள்ளன. கட்சிக்காரரின் மறைச்செய்தியைக் காத்தலும், அவர்தம் பணத்தைத் தனியே பேணலும், பொய்ச்சான்று படைக்காமையும் இன்று சட்டமும் விதிக்கும் கடமைகள். நீலகேசி ஆசிரியர் எதிர்தரப்பின் கொள்கையை முழுமையாக எடுத்துரைத்த பின்னரே மறுக்கத் தொடங்குவார். எதிர்தரப்பு மனுவைத் தன் மனுவைப்போல் பொறுமையாகப் படிக்கும் வழக்கறிஞர்க்கு அதைவிடச் சிறந்த முன்மாதிரி இல்லை. விரதங்காக்கும் சிராவகர்க்கு இத்தொழில் ஆகாது என்பதைக் காட்டிலும், விரதங்காப்பவர் இத்தொழிலுக்கு மிக வேண்டும் என்பதே பொருந்தும்.

இம்மலரைப் படிக்கும் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு உயர்கல்வி குறித்து முடிவு செய்யும் பிள்ளை உங்கள் இல்லத்தில் இருப்பின், சட்டப் படிப்பையும் சேர்த்து எண்ணுங்கள். அப்பிள்ளை சட்டம் பயிலினும் பயிலாவிடினும், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது கோயிலின் பழைய சாசனங்களையும், அறக்கட்டளைப் பத்திரங்களையும், குடும்பத்து ஓலைகளையும் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படி எடுத்து, தேதியும் ஊர்ப்பெயரும் குறித்து வையுங்கள். ஆனந்தமங்கலத்தில் வர்த்தமானப் பெரியடிகள் தாம் வைத்த பொன்னைக் கல்லில் எழுதி வைத்தமையால்தான் ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் அப்பள்ளியின் பெயர் நமக்குத் தெரிகின்றது.